வட்டமும் வாசியும்: தமிழக நாணய மாற்றில் எளியோர் நிலை

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். 'நாணயமானவர்' என்று ஒருவரைப் புகழ்வதும், உதவாதவரைச் 'செல்லாக் காசு' என்று ஒதுக்குவதும் இன்றும் வழக்கில் உள்ளன. காசு தன் மேல் எழுதப்பட்ட மதிப்புக்கு மாறாமல் செல்லுமா என்ற ஐயத்தோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மக்களின் பட்டறிவு இவ்வழக்குகளில் பதிந்துள்ளது எனலாம். எனினும் தமிழக நாணயங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாணயத்தின் உருவம், எழுத்து, வெளியிட்ட மன்னர் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஒரு நாணயம் மற்றொன்றாக மாறும்போது என்ன நிகழ்ந்தது, அம்மாற்றில் யார் பெற்றனர், யார் இழந்தனர் என்னும் வினாக்கள் பொருளியல் வரலாற்றார்க்கு உரியவை என்று தமிழாய்வாளர்கள் ஒதுக்கிவிட்டனர். அவ்வாறு ஒதுக்குவதற்கு இடமில்லை. கல்வெட்டுத் தொடர்களும், அகராதிச் சொற்களும், பிற்காலச் சிற்றிலக்கியங்களும் இவ்வினாக்களுக்குரிய சான்றுகளைத் தம்முள் கொண்டிருக்கின்றன.

வண்ணக்கன், நோட்டம், வாசி

நாணயத்தின் தரம் ஆய்பவரைப் பழந்தமிழ் 'வண்ணக்கன்' என்றது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடவண்ணக்கன் தாமோதரனார் எனச் சங்கப் புலவர் பெயர்களிலேயே இத்தொழிற்பெயர் இடம்பெறுகிறது. நாணயம் பார்ப்பதைத் தனித்தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தார் என்றால், பலவகை நாணயங்கள் ஒருங்கே வழங்கின என்பதும், அவற்றின் மதிப்பு பார்த்த அளவில் விளங்குவதாக இல்லை என்பதும் தாமே பெறப்படும். பிற்காலத்தில் இத்தொழில் 'நோட்டம்' எனப்பட்டது. நோட்டம் பார்ப்பவர் 'நோட்டக்காரர்' ஆனார். அரபு மொழியிலிருந்து வந்த 'சராப்' என்னும் சொல்லும் இவரையே குறித்தது.

சோழர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்னும் தொடர் பயில்கின்றது. அந்நாளில் வழங்கும் நல்ல காசு என்பது பொருள். பொன்னாகக் கொடுக்குமிடத்துத் 'தீப்போக்குச் செம்பொன்' என்றும், 'துளைநிறைப் பொன்' என்றும், குடிஞைக்கல்லால் நிறுத்தது என்றும் தரமும் நிறையும் தனித்தனியே சுட்டப்படும். பிற்காலப் பாண்டியர், விசயநகரத்தார் காலக் கல்வெட்டுகளில் 'வாசிபடா' என்னும் அடைமொழி பணத்திற்கு முன் வந்து சேர்கிறது. வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது கழிக்கப்படும் தொகை. அதற்கு ஆட்படாத பணமே வாசிபடாப் பணம். இத்தொடர்களை ஆவண நடையின் வெற்று மரபாகக் கருதிக் கடந்து செல்வோர் உண்டு. அது பொருந்தாது. கோயிலுக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்தவரும் அதைப் பெற்றுக்கொண்ட சபையாரும், எந்தக் காசு, எந்நாளைய காசு, கழிவுக்கு உட்பட்டதா இல்லையா என்று வரையறுத்தாக வேண்டிய நிலையில் இருந்தனர். நூறாண்டு கழித்தும் விளக்கு எரிய வேண்டும். அதற்குள் காசின் தரம் எத்தனை முறை மாறும் என்பதை எவரும் அறியார். கடனைக் காசாகக் கொடுத்துப் பொலிசையை மட்டும் நெல்லாகப் பெறும் ஏற்பாடுகள் பல கல்வெட்டுகளில் காணப்படுவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகலாம். நெல்லுக்கு வாசி இல்லை.

இவ்வாசியே பிற்கால வழக்கில் 'வட்டம்' எனப்பட்டது. 'வட்டம் கழித்துக் கொடுத்தான்' என்றால் மாற்றுக் கழிவைப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுத்தான் என்பது பொருள். கல்வெட்டில் வரும் 'ஆட்டைவட்டம்' என்பது ஆண்டுதோறும் என்னும் பொருளுடைய வேறு வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பிழை. ஆங்கிலேயர் ஆவணங்களில் மாற்றுக் கழிவைக் குறித்து வரும் 'பட்டா' என்ற சொல்லையும், படியைக் குறிக்கும் 'பட்டா' என்ற சொல்லையும் 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியம் இரு வேறு சொற்களாகவே பிரித்துக் காட்டுகின்றது. இன்று ஓட்டுநர்கள் பெறும் 'பேட்டா' பின்னதன் வழிவந்தது.

வராகன், பணம், காசு

17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னைப் பகுதியில் வழங்கிய நாணயங்கள் மூன்று படிநிலைகளில் அமைந்தவை. மேல்நிலையில் வராகன் என்னும் பொற்காசு. இதனை ஐரோப்பியர் 'பகோடா' என்றனர். இடைநிலையில் பணம், இது தொடக்கத்தில் மிகச் சிறிய பொற்காசாக இருந்து, கம்பெனியார் ஆட்சியில் வெள்ளியிலும் அச்சிடப்பட்டது. அடிநிலையில் செம்பால் ஆன காசு. இவற்றோடு முகலாயர் வழி வந்த வெள்ளி ரூபாயும் வந்து கலந்தது. 1736இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியிடம் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். 1742இல் ஆர்க்காட்டு ரூபாய் அச்சிடும் உரிமை ஆங்கிலேயருக்கும் கிடைத்தது.

இங்கே இலக்கிய ஆய்வாளர் கருத வேண்டிய ஒன்று உண்டு. பணம், காசு, பொன் என்பன இன்று பொதுச்சொற்கள். நூற்பதிப்புகளின் உரைக்குறிப்புகளிலும் 'செல்வம்' என்ற பொதுப்பொருளே பெரிதும் தரப்படுகிறது. ஆனால் அக்காலத்தில் இவை வெவ்வேறு நாணயங்களின் பெயர்கள். பணத்தையே தூதாக விடும் 'பணவிடு தூது' என்னும் நூல் வகையையும், தாசியிடம் பொருளிழந்தவன் கதையாக அமையும் விறலிவிடு தூது நூல்களையும் இவ்வேறுபாட்டை அறியாமல் படிப்பவர், தொகைகளின் அளவை உணர இயலாது. ஒருவன் நூறு பணம் இழந்தான் என்பதற்கும் நூறு வராகன் இழந்தான் என்பதற்கும் இடையே நாற்பது மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ளது. பதிப்பாசிரியர்கள் இதில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம்.

பெயர் ஒன்றாயினும் மதிப்பு ஊருக்கு ஊர் மாறியது. சென்னையில் கம்பெனிக் கணக்குப்படி ஒரு ரூபாய்க்கு 12 பணம். பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஒரு ரூபாய்க்கு 8 பணம், ஒரு பணத்திற்கு 24 காசு. 1923 முதல் வெளிவந்த பிரெஞ்சிந்திய அஞ்சல் தலைகளிலும் இப்பணமும் காசுமே பொறிக்கப்பட்டன. தஞ்சாவூரில் வருவாய்க் கணக்கு சக்கரத்தில் எழுதப்பட்டது. திருவிதாங்கூரில் சக்கரம் என்றால் வேறு நாணயம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்து ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலிச் சீமைச் சந்தைக்குச் சென்று வந்தவர்களுக்கு, இவ்வரைச் சக்கரக் கணக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அன்றாட அறிவாக இருந்தது. இவ்வீதம் நிலையானது, ஏறி இறங்குவதன்று. சென்னையின் நிலையோ வேறு.

சென்னையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கேடுகள் ஒரு வராகனுக்கு 36 பணம் என்று கொண்டன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இது 42 ஆகிவிட்டது. 80 காசு ஒரு பணம். ஆகவே 3360 காசு ஒரு வராகன். இது கம்பெனியின் கணக்கேட்டு வீதம் மட்டுமே. கடைத்தெருவில் ஒரு வராகனுக்கு 44 முதல் 46 பணம் வரை கேட்டனர். கணக்கேட்டு வீதம், கடைத்தெரு வீதம் என இரண்டு வீதங்கள் ஒரே நாளில், ஒரே ஊரில் வழங்கின என்பதே இங்குக் கருதத்தக்கது. எளியோர் இழப்பு பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையேதான் நிகழ்ந்தது.

எவ்வாறு என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் உழவர் பத்து வராகன் தீர்வை செலுத்த வேண்டும் என்று கொள்வோம். அவர் நெல்லை விற்றுப் பெறுவது பணமும் காசும். கணக்கேட்டு வீதப்படி 420 பணம் போதும். ஆனால் வராகனாகவே செலுத்த வேண்டும் என்று தண்டல்காரர் வற்புறுத்தினால், கடைத்தெருவில் 46 பண வீதம் 460 பணம் கொடுத்துத்தான் பத்து வராகன் வாங்க இயலும். தீர்வை உயரவில்லை, ஆயினும் 40 பணம் கூடுதலாகப் போயிற்று. இனி, மாதம் இரண்டு வராகன் சம்பளம் பெறும் சேவகர் ஒருவரைக் கொள்வோம். அவருக்கு வராகனாகக் கொடுத்தால் கடைத்தெருவில் 92 பணம் கிடைக்கும். கணக்கேட்டு வீதப்படி சில்லறையாகக் கொடுத்தால் 84 பணமே கிடைக்கும். ஒருவரிடம் பெறும்போது பொன்னும், மற்றொருவருக்குக் கொடுக்கும்போது சில்லறையும் வழங்க வல்லவர் எவரோ அவருக்கு இருபுறமும் ஆதாயம். கருவூலத்திற்கும் மக்களுக்கும் இடையே நின்ற துபாஷிகளும் சராப்புகளும் அவ்விடத்தில்தான் இருந்தனர்.

36 பணம் 45 பணமாக மாறியதன் விளைவு இன்னும் ஆழமானது. வராகனைச் சேமித்து வைத்தவர் எதையும் இழக்கவில்லை. பணமாகச் சேமித்து வைத்தவரின் 36 பணம் முன்பு ஒரு வராகன். பின்பு அது ஐந்தில் நான்கு பங்கு வராகன். பொன்னைச் சேமிக்க வல்லவர் வணிகர். சில்லறையைச் சேமித்தவர் கூலிக்காரரும் சிறுகடைக்காரரும். நாணய மாற்று ஏற்றத்தாழ்வு எல்லோரையும் ஒருபடித்தாய்த் தாக்கியது என்ற பொதுக்கூற்று இதனால் பொருந்தாமற் போகின்றது.

நெசவாளர் நிலையும் இத்தகையதே. கம்பெனி துணிக்குப் பேசிய விலை வராகனில், முன்பணமும் வராகனில். ஆனால் நெசவாளர் நூலும் அரிசியும் வாங்கியது பணத்திலும் காசிலும். பிரசன்னன் பார்த்தசாரதி போன்றோர் 18ஆம் நூற்றாண்டு நெசவாளரின் பேரம் பேசும் ஆற்றலை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாற்றல் துணியின் விலையைப் பேசுவதில் இருந்ததே தவிர, அவ்விலை எந்நாணயத்தில், எவ்வீதத்தில் கைக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. ஊதிய வரலாறு எழுதுவோர் வராகனில் உள்ள தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு அரிசி விலையோடு ஒப்பிடும்போது, இடையில் இருந்த காசுக்கடையை மறந்துவிடுகின்றனர்.

வீதத்தை எழுதி வைத்த காசு

இக்குழப்பத்தைத் தீர்க்கக் கம்பெனி பல வழிகளில் முயன்றது. வடசர்க்கார் பகுதிக்கென 1794, 1797ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் அச்சிட்டு அனுப்பிய செப்புக் காசுகளில் '48 கொண்டது ஒரு ரூபாய்' என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடர் பொறிக்கப்பட்டிருந்தது. மாற்று வீதத்தையே காசின் மேல் எழுதிவிட்டால் எவரும் அதை மீறார் என்பது எண்ணம் போலும். காசைக் கையாண்டவர்களுள் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது ஒருபுறம் இருக்க, செம்பு மிகுந்தால் காசின் மதிப்பு இறங்குவதையும், செம்பு அரிதானால் ஏறுவதையும் எழுத்தால் தடுக்க இயலாது.

சென்னைக்கென 20 காசு, 10 காசு நாணயங்கள் 1803, 1808ஆம் ஆண்டுப் பொறிப்புகளுடன் பர்மிங்காமின் சோகோ சாலையில் அச்சாயின. இருபது காசு நான்கு பலூசுக்குச் சமம் என்று பாரசீகத்தில் மதிப்பு எழுதப்பட்டது, தமிழ் இல்லை. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்மேட்டில் உடைந்து மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவின் சில்லறைத் தட்டுப்பாடு ஆங்கிலக் கால்வாயின் புயலையும் சார்ந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அக்காசுகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றை வாங்கியோர் நாணயச் சேகரிப்பாளர்கள்.

1807க்குப் பின் சென்னையில் எந்திரத்தால் அச்சிட்ட பணங்களில் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. வங்காளத்திலும் இதையொத்த முயற்சி நிகழ்ந்தது. அங்கே ரூபாய் அச்சான ஆண்டு பழகப் பழகக் கழிவு கூடுவது வழக்கம். புதிய 'சிக்கா' ரூபாய்க்கு முழு மதிப்பு, பழகிய 'சனாத்' ரூபாய்க்குக் குறைந்த மதிப்பு. இதனை ஒழிக்க எல்லா ரூபாயிலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே பொறிப்பது என்று கம்பெனி முடிவு செய்தது. ஆண்டுகள் ஓடியும் காசில் மட்டும் ஆட்சியாண்டு நகரவில்லை. தமிழகத்தில் கழிவு காசின் அகவையை ஒட்டி அமையாமல் உலோகத்தையும் ஊரையும் ஒட்டி அமைந்தது. ஆகவே அத்தகைய எளிய தந்திரத்திற்கு இங்கு இடமில்லாமற் போயிற்று.

1818: வராகன் மறைதல்

1818 சனவரி 7ஆம் நாள் அறிவிப்பால் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் திட்ட நாணயம் ஆயிற்று. எடை 180 கிரெயின். அதில் தூய வெள்ளி 165 கிரெயின். பழைய கணக்குகள் நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்ற வீதத்தில் மாற்றப்பட்டன. 1835ஆம் ஆண்டுச் சட்டம் இதே எடையும் தரமும் கொண்ட ரூபாயை இந்தியாவின் கம்பெனிப் பகுதிகள் முழுமைக்கும் உரியதாக்கியது. சென்னை ரூபாயே இந்திய ரூபாய்க்கு முன்மாதிரி என்பதைத் தமிழக வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

இம்மாற்றத்தால் வட்டச் சுமை குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆட்சியாளரின் கருவூலமும் மக்களின் சந்தையும் ஒரே உலோகத்தில் கணக்கிடத் தொடங்கின. ஆயினும் பழைய எண்ணம் எளிதில் அகலவில்லை. ஒரு ரூபாய்க்கு 12 பணம் என்ற வீதப்படி ஒரு பணம் 1 அணா 4 பைக்குச் சமம். இந்த இசைவற்ற பின்னம் சந்தைக் கணக்கில் யாருக்கு ஆதாயமாக முடிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. சென்னையில் நாணயச் சாலை இருந்த தெருவுக்குத் 'தங்கசாலைத் தெரு' என்ற பெயர் நிலைத்தது. 1840களில் அச்சாலை அத்தெருவின் வடகோடியில் புதிதாக இயங்கத் தொடங்கியபோது வராகன் அச்சிடுவது நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அச்சாலையும் 1869இல் மூடப்பட்டது. பெயரில் மட்டும் பொன் எஞ்சியது.

வட்டம் போயிற்று, ஆனால் வேறொரு சுமை அதனிடத்தில் வந்து அமர்ந்தது. வராகனில் விதித்திருந்த தீர்வை ரூபாயில் நிலைபெற்ற பின், 1820களின் பிற்பகுதி முதல் 1850களின் தொடக்கம் வரை மாகாணத்தில் தானிய விலை தாழ்ந்தே கிடந்தது. விலை உயர்ந்திருந்த காலத்துக் கணக்கைக் கொண்டு விதிக்கப்பட்ட ரூபாய்த் தீர்வையைச் செலுத்த, உழவர் முன்னினும் கூடுதலான நெல்லை விற்க நேர்ந்தது. 1893இல் வெளியான எஸ். சீனிவாச ராகவையங்காரின் அறிக்கையும், 1941இல் வெளிவந்த அ. சாரதா ராஜுவின் ஆய்வும் இக்காலத் துன்பத்தை விரிவாகப் பேசுகின்றன. நாட்டில் வெள்ளி நாணயப் புழக்கம் தேவைக்குக் குறைவாக இருந்தது இவ்விலை வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்று. பலவகை நாணயம் இருந்த காலத்தில் அவற்றுக்கிடையே மாற்று வீதம் ஏறி இறங்கியது; ஒரே நாணயம் வந்த பின் நாணயத்திற்கும் நெல்லுக்கும் இடையே அது நிகழ்ந்தது. முதலாவது மாற்றத்தைக் காசுக்கடையில் நேரே காணலாம். இரண்டாவதைக் காண இயலாது. அறுவடைக்குப் பின்னரே உணர இயலும்.

வெள்ளியின் வீழ்ச்சியும் உப்பின் விலையும்

1870களில் செருமனி முதலிய நாடுகள் பொன் திட்டத்திற்கு மாறின; அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி பெருகியது. வெள்ளியின் விலை உலகெங்கும் சரிந்தது. 1871-72இல் ஏறக்குறைய 1 ஷில்லிங் 11 பென்ஸ் மதிப்புப் பெற்றிருந்த ரூபாய், 1892-93இல் ஏறக்குறைய 1 ஷில்லிங் 3 பென்ஸாகத் தாழ்ந்தது. ஒரு பவுனுக்கு முன்பு பத்தரை ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. பின்பு பதினாறு ரூபாய். இலண்டனில் பவுனாகச் செலுத்த வேண்டிய 'உள்நாட்டுச் செலவு'களுக்காக இந்திய அரசு ஆண்டுதோறும் கூடுதல் ரூபாயைத் திரட்ட வேண்டியதாயிற்று. 'உள்நாடு' என்றது இங்கிலாந்தை.

பவுனையே கண்டிராத சிற்றூர்க் கூலிக்கு இதனால் என்ன என்று வினவலாம். 1888 சனவரியில் உப்பு வரி மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாக உயர்த்தப்பட்டது. மேல்பர்மாப் போர்ச் செலவும் நாணய மாற்று இழப்பும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். இலண்டன் வெள்ளிச் சந்தையில் நிகழ்ந்த சரிவு, தமிழகத்தின் ஒவ்வொரு உலைக்கும் உப்பின் வழியே வந்து சேர்ந்தது. இந்த உயர்வு 1903 வரை நீங்கவில்லை. இதே காலத்தில் ஏற்றுமதியாளர் சிலர் ஆதாயம் அடைந்தனர் என்பதும் உண்மை. பருத்தியும் தோலும் பவுனில் விற்று ரூபாயில் கூலி கொடுத்தவர்க்கு ரூபாயின் வீழ்ச்சி நன்மையே.

1893 சூன் 26ஆம் நாள் நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்று ரூபாயாக அடித்துத் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டது. ரூபாயின் மதிப்பு செயற்கையாக உயர்த்தப்பட்டு, 1898-99 அளவில் 1 ஷில்லிங் 4 பென்ஸில், அதாவது பவுனுக்கு 15 ரூபாயில் நிலைநிறுத்தப்பட்டது. பொருளியல் நூல்கள் இதனை ஒழுங்குபடுத்தல் என்று பாராட்டுவதுண்டு. ஆனால் எளியோரின் சேமிப்பு வெள்ளி நகையில் இருந்தது. தண்டையும் காப்பும் கொலுசும் அணிகலன் மட்டுமல்ல. பஞ்ச காலத்தில் விற்பதற்கென வைத்திருந்த முதல். நாணயச் சாலை திறந்திருந்தவரை, கூலியும் சேதாரமும் போக, வெள்ளியின் எடைக்கு ஏறத்தாழ ஈடான ரூபாய் கிடைத்தது. சாலை மூடியபின் ரூபாய் உயர்ந்தது. வெள்ளி தாழ்ந்துகொண்டே சென்றது. 165 கிரெயின் தூய வெள்ளியைத் தட்டில் வைத்தால் ஒரு ரூபாய் கிடைக்கும் என்ற பழைய உறுதி முறிந்தது. இதனை அடுத்தே 1896-97, 1899-1900ஆம் ஆண்டுப் பஞ்சங்கள் வந்தன. தாதாபாய் நவுரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் 1898ஆம் ஆண்டுக் குழுவின் முன் இக்கொள்கையை எதிர்த்தனர். ரூபாயை உயர்த்துவது தீர்வையையும் கடனையும் மறைமுகமாக உயர்த்துவதே என்பது தத்தின் வாதம். அவ்வாதம் அன்று ஏற்கப்படவில்லை. அது தவறென்று நிறுவப்படவும் இல்லை.

கடல் கடந்த கூலி

இதே 1893ஆம் ஆண்டு முடிவு மலாயாவில் உழைத்த தமிழரை வேறொரு வகையில் தாக்கியது. இலங்கைக்குச் சென்றோர்க்கு இச்சிக்கல் இல்லை. அங்கு வழங்கியதும் இந்திய ரூபாயை அடியொற்றிய ரூபாயே. பர்மாவிலும் இந்திய ரூபாயே செல்லுபடியானது; நகரத்தார் தொழில் அங்கு வேரூன்றியதற்கு இவ்வசதி துணை செய்தது. நீரிணைக் குடியேற்றங்களிலோ வெள்ளி டாலர் வழங்கியது. 1893க்கு முன் ரூபாயும் டாலரும் ஒரே உலோகத்தைச் சார்ந்தவை. வெள்ளி சரிந்தால் இரண்டும் சேர்ந்தே சரியும். மெக்சிகோ டாலரில் இருந்த வெள்ளி, ரூபாயில் இருந்ததைப் போல் ஏறக்குறைய 2¼ மடங்கு. ஆகவே ஒரு டாலர் ஊருக்கு அனுப்பினால் ஏறக்குறைய 2¼ ரூபாய் சேர்ந்தது.

ரூபாய் வெள்ளியிலிருந்து விலகியபின் டாலர் தனியே சரிந்தது. 1902இல் அது 20 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. ரூபாயோ 16 பென்ஸில் நின்றது. பத்து டாலர் மிச்சம் பிடித்து அனுப்பியவரின் குடும்பத்திற்கு முன்பு இருபத்திரண்டு ரூபாய்க்கு மேல் கிடைத்தது. இப்போது பன்னிரண்டரை ரூபாய்க்கும் குறைவு. தோட்டத்தில் கூலி குறைக்கப்படவில்லை, வேலை குறையவில்லை, மாற்று மட்டும் மாறியது. ஊரில் இருந்த கடனும் வட்டியும் தீர்வையும் ரூபாயில் இருந்தன, அவை சரியவில்லை. இக்காலத்தில் மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது கடினமாயிற்று என்ற தோட்ட முதலாளிகளின் முறையீட்டைத் தொழிலாளர் வரலாறு எழுதியோர் கூலி, நோய், தூரம் ஆகிய காரணங்களாலேயே பெரிதும் விளக்குகின்றனர். கங்காணி சொன்ன டாலர்க் கூலியை ஊரார் ரூபாயாக மாற்றிப் பார்த்திருப்பர் என்பதையும் அவ்விளக்கத்தோடு சேர்த்துக் கொள்ள வேண்டும். திரும்பி வந்தவர் கொணர்ந்த டாலரை மாற்றிக் கொடுத்த கடைக்காரரே அவ்வூர்ப் பொருளியல் அறிஞர்.

1906இல் நீரிணை டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸில், அதாவது 1¾ ரூபாயில் நிலைநிறுத்தப்பட்டது. பத்து டாலருக்குப் பதினேழரை ரூபாய்: பழைய அளவுக்குக் குறைவு, 1902ஆம் ஆண்டு நிலைக்கு மேல். அடுத்த ஆண்டு, 1907இல், மலாயா அரசு 'தமிழர் குடியேற்ற நிதி'யை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் தொகை பெற்று, ஆட்களின் கப்பற்செலவை அதிலிருந்து ஏற்றது.